ஒரு விரல் உயர்ந்து நின்ற வண்டி

பழுது பார்த்த வண்டி பட்டறையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். வண்டிக்காரர் சிரிப்பார். முதலாளி சிரிப்பார். வேலை செய்தவரும் கையைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். அந்த நேரத்தில் ஒருவராவது சிரிக்காமல் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மலேசியாவின் போர்ட் கிள்ளானில் ஒரு பட்டறையில் தலைமை ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் வேலையில் பெரும்பகுதி அந்தப் பார்வைதான்.

ஸ்பானர் பிடிப்பதைப் பற்றி, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் எழுதப்போவதில்லை. துருப்பிடித்த போல்ட்டை அறுத்தெடுப்பதை உங்கள் கைகளே கற்றுக்கொள்ளும். இன்றைக்கு நீங்கள் கணினியைச் செருகிப் பழுதைப் படிக்கிறீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, எங்கள் காலத்தில் இருந்திருந்தால் நானும் செருகியிருப்பேன். ஆனால் ரப்பர் கணினியோடு பேசாது. ரப்பரில் வரும் பழுதைக் கண்ணாலும் காதாலும்தான் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு, அவசரத்தில் நிற்கும் மனிதர்களிடம் அதை எப்படிச் சொல்வது என்பது அதைவிடக் கடினமான பகுதி. அதைப் பற்றித்தான் இது.

தனராஜு பந்திங்கைச் சேர்ந்தவர். செம்பனைத் தோட்டங்களில் புல் வெட்டவும் மருந்தடிக்கவும் ஆட்களை வைத்துக் காண்ட்ராக்ட் எடுப்பவர். அவரிடம் நாலு கதவு வைத்த பழைய ஃபோர்வீல் பிக்கப் ஒன்று இருந்தது. வாரம் முழுவதும் மருந்து டிரம்மும் புல் வெட்டும் மெஷினும் சுமந்து, தோட்டத்துச் செம்மண் பாதையில் அடி வாங்கிய வண்டி. ஒரு புதன்கிழமை காலையில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“பிரேக் அடிச்சா லெஃப்ட்டுக்கு ஓடுது அண்ணே. ரெண்டு கடையில பிரேக் பேட் மாத்தியாச்சு. அப்படியேதான் இருக்கு. வெள்ளிக்கிழமை இதுல கேமரன் மலைக்குப் போகணும். மக கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை.”

“கல்யாணம் மலையிலயா?”

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அங்க உள்ள கோயில்ல வேண்டிக்கிட்டாங்களாம். நம்ம சொன்னா கேக்கவா போறாங்க. சீர் சாமான், பாத்திரம், சம்சாரம், அவளோட அக்கா ரெண்டு பேரு, எல்லாம் இந்த வண்டிலதான். மக சொந்தக்காரங்களோட கார்ல வந்துருவா. ஏறுறது பிரச்சனை இல்ல. இறங்கும்போது தாப்பா ரோட்டுல லெஃப்ட்டுக்கு இழுத்தா எங்க போவேன்னு உங்களுக்கே தெரியும்.”

எனக்குத் தெரியும். மலையிலிருந்து அடிவாரத்துத் தாப்பா ஊருக்கு இறங்கும் பழைய சாலையில் பல வளைவுகளில் இடது பக்கம் பள்ளம்.

நானே வண்டியை எடுத்துக்கொண்டு கண்டெய்னர் லோரிகள் போகும் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகப் பிரேக்கை மிதித்தால் வண்டி நேராக நின்றது. அழுத்தி மிதித்தால் முதலில் கீழேயிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு இழுப்பு. இந்த வரிசையைக் கவனியுங்கள். பிரேக்கில் கோளாறு என்றால் மிதித்த உடனே இழுக்கும். சத்தம் முதலில் வந்து இழுப்பு பின்னால் வருகிறது என்றால், ஏதோ ஒன்று முதலில் இடம் நகர்கிறது, அதனால் சக்கரம் திரும்புகிறது. முந்தைய இரண்டு கடைக்காரர்களும் இழுப்பை மட்டும் கவனித்தார்கள், சத்தத்தை விட்டுவிட்டார்கள்.

நகர்ந்தது முன்பக்கத்து ஆர்ம். சக்கரத்தைத் தாங்கும் அந்த இரும்புக் கையை வண்டியின் சட்டத்தோடு சேர்க்கும் இரண்டு இடங்களிலும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக, புஷ் இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்கள், நடுவே இரண்டிலும் ஒட்டிய தடித்த ரப்பர், அவ்வளவுதான். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த ரப்பர் முறுகிக் கொடுக்கும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பும். தனராஜுவின் வண்டியில் ரப்பர் வெடித்து, இரும்பு இரும்பின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் புதிதாகப் போட வேண்டும் என்றேன். அவர் சரி என்றார். “வெள்ளிக்கிழமை காலையில வண்டி வேணும். பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி கெளம்பியாகணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலையைச் செல்வத்திடம் கொடுத்தேன். வேலை அனுமதியில் நாமக்கல்லிலிருந்து வந்து எங்களிடம் சேர்ந்திருந்தவர். வயது முப்பத்தைந்து இருக்கும். அங்கே லாரிப் பட்டறைகளில் பல வருடம் அடிப்பக்க வேலை பார்த்தவர். கை சுத்தம், அவசரப்பட மாட்டார், சாமானைக் கண்ட இடத்தில் போட மாட்டார். பழைய போல்ட்டுகள் குழாயோடு துருவேறி ஒட்டியிருந்தன. அறுத்து எடுத்து, ஆர்மைக் கழற்றி, பழைய புஷ்களை அழுத்தித் தள்ளி, புதியதை ஏற்றினார். வியாழக்கிழமை மாலை அவர் எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது நான் பந்திங் சாலையில் நின்றுபோன ஒரு லோரியைப் பார்க்கப் போயிருந்தேன். வண்டி இரவு முழுவதும், அதைத் தூக்கி நிறுத்தும் ஹொய்ஸ்ட்டின் மேலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தனராஜு குடும்பத்தோடு ஒரு வாடகை வேனில் வந்து இறங்கினார். மனைவி இந்திராணி, இந்திராணியின் அக்காமார் இருவர். வேன் நிறைய சீர் சாமான். பித்தளைக் குத்துவிளக்கு போர்வையில் சுற்றியிருந்தது. அண்டா, குண்டான், தட்டுகள், பட்டுப்புடவைப் பெட்டிகள். பெரிய அக்கா கையில் தேங்காய், சூடம், எலுமிச்சம்பழம்.

செல்வம் ஹொய்ஸ்ட்டை இறக்கினார். நாலு சக்கரமும் தரையில் பட்டன. தனராஜு முன்பக்கமாகப் போய் நின்று பார்த்தார்.

“பாய், இங்க வாங்க! வண்டி எப்படி நிமிந்து நிக்குது பாருங்க! நான் வாங்குனப்பகூட இப்படி நிக்கல.”

எங்கள் முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நாகூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து, துணிக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் பார்த்துவிட்டுப் பட்டறையில் நிலைத்தவர். “பின்ன என்ன? நம்ம கடையில போடுற சாமான் சும்மாவா?” என்று சிரித்துக்கொண்டே வந்தார். செல்வமும் சிரித்தார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டி உள்ளே வந்தாலும் முன் டயருக்கும் அதற்கு மேலுள்ள தகட்டு வளைவுக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்ப்பேன். புதன்கிழமை இந்த வண்டியில் நாலு விரலைச் சேர்த்து வைத்தால் சரியாக இருந்தது. இப்போது கட்டைவிரலும் சேர்ந்து உள்ளே போனது. மறுபக்கமும் அப்படியே. பம்பரின் மேல் என் எடையைப் போட்டு அழுத்தினேன். வண்டி கொஞ்சமாக இறங்கி, விறைப்பாக மேலே வந்தது.

“செல்வம், ஸ்பிரிங் மாத்துனீங்களா?”

“இல்லீங்கண்ணா. பழைய ஸ்பிரிங்தான். அதுல கையே வெக்கல.”

வண்டியின் உயரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். புஷ்ஷுக்கு அதில் வேலை இல்லை. ஸ்பிரிங் பழையது, வண்டி மட்டும் ஒரு விரல் உயர்ந்திருக்கிறது. அப்படியானால் தூக்கிப் பிடித்திருப்பது யார்?

“கடைசி டைட் எங்க வெச்சுப் பண்ணீங்க?”

“மேலயேதாங்கண்ணா. சக்கரம் தொங்கறப்பவே நல்லா இழுத்து முடிச்சுட்டேன். கீழ எறக்கிட்டா கை போக எடம் இருக்காதுங்களே.”

விடை கிடைத்துவிட்டது. இதை உங்களுக்கு ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் புஷ்ஷில் போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் சட்டத்தோடு அசையாமல் பிடித்துக்கொள்ளும். இறுக்கும்போது ஆர்ம் எந்த நிலையில் இருக்கிறதோ, அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், தொங்குவதுதான் தன் இயல்பு என்று ரப்பர் எடுத்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே போகும், ரப்பர் முறுகும். நின்றாலும் ஓடினாலும் அது முறுகியே இருக்கும். அந்த முறுக்கு ஆர்மைக் கீழே தள்ளுவதால்தான் வண்டி உயர்ந்து நிற்கிறது. பார்க்க அழகாகவும் இருக்கிறது. நாலு வருடம் உழைக்க வேண்டிய ரப்பர் அப்படியே கிழியத் தொடங்கும்.

நாமக்கல் லாரியில் வளைந்த ஸ்பிரிங் பட்டைகளின் முனையில் பித்தளைப் புஷ் போட்டுக் கிரீஸ் அடிப்பார்கள். அது சுழலும். மேலே வைத்து இறுக்கினாலும் கீழே வைத்து இறுக்கினாலும் அதற்கு ஒன்றுதான். செல்வம் தனக்கு நன்றாகத் தெரிந்த வேலையைத் தெரிந்தபடி செய்திருந்தார். வேலை தெரியாதவன் செய்யும் தவறைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம், அவனே வந்து கேட்பான். வேலை தெரிந்தவர் பழக்கத்தில் செய்யும் தவறு கேட்காமல் கடந்துபோகும்.

இதற்குள் பெரிய அக்கா நாலு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். தேங்காய் மேல் சூடம் ஏற்றத் தயாராக இருந்தார். தனராஜுவும் வேன் ஓட்டுநரும் அண்டாக்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் தனராஜுவிடம் போய், வண்டியை இப்போது விட முடியாது, போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடியும் இறுக்க வேண்டும் என்றேன். அவர் கையிலிருந்த குண்டானைக் கீழே வைத்தார்.

“என்னண்ணே வெளையாடுறீங்க? ரெண்டு நாள் வண்டி உங்ககிட்டதான இருந்துச்சு?”

“ஆமா. தப்பு எங்களோடது. அதனாலதான் சொல்றேன்.”

“எவ்ளோ நேரம் ஆகும்?”

“பத்தரைக்குள்ள முடியாது.”

அவர் முகம் மாறியது. கோபம் என்று முதலில் நினைத்தேன். பயம் என்பது பெரிய அக்கா பேசிய பிறகுதான் தெரிந்தது.

“தம்பி, மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?” என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “பொண்ணுக்கு மொத சம்பந்தம் பேசப் போனப்ப பர்ஸ மறந்துட்டேன்னு பாதி வழியில திரும்பி வந்தாரு. எடுத்துக்கிட்டு ராகு காலத்துல கெளம்புனாரு. பதினைஞ்சு நாள்ல பையன் வீட்டுல வேணாம்னுட்டாங்க. அந்தப் புள்ள ஒரு வருசம் ரூமை விட்டு வெளிய வரல. இது ரெண்டாவது. இதுக்கும் ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

தனராஜு குண்டானின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் குடும்பத்தில் அந்தப் பர்ஸைப் பற்றி அவர் எத்தனை முறை கேட்டிருப்பார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

பாய் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். “மணியம், இதக் கேளு. வண்டி ஓடுமா, ஓடாதா?”

“ஓடும் பாய்.”

“மலை ஏறுமா?”

“ஏறும்.”

“அப்பறம் என்னப்பா? போயிட்டு வரட்டும். திங்கக்கிழமை கொண்டாரச் சொல்லி, லூஸ் பண்ணி டைட் பண்ணிக் குடுத்துருவோம். கல்யாணக் காரியம் லா. வயித்தெரிச்சலோட அனுப்புனா நல்லாருக்காது.”

பாய் சொன்னது முட்டாள்தனம் இல்லை. அந்த இடத்தில் பத்துப் பேர் இருந்தால் எட்டுப் பேர் அதைத்தான் சொல்வார்கள். நானும் அதை எடைபோட்டேன். புஷ் இன்றைக்கே கிழிந்துவிடும் என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் மலையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு வளைவிலும், ஏற்கனவே முறுகிய ரப்பர் இன்னும் முறுகும். மலையை விட்டு இறங்கும்போது, பாரத்தோடு, பிரேக்கில் கால் வைத்தபடி வரும்போதுதான் அதற்கு அதிக வேலை. எந்தக் காரணத்துக்காக அவர் வண்டியைக் கொண்டுவந்தாரோ, அதே பழுதை அதே சாலையில் அவரிடமே திருப்பிக் கொடுப்பதாகும்.

இன்னொரு வழி சாவியைக் கொடுக்காமல் இருப்பது. சாவியைப் பிடித்தால் வண்டி நிற்கும், ஆள் நிற்க மாட்டார். வெளியே நின்ற வாடகை வேனின் தேய்ந்துபோன டயர்களை நான் பார்த்திருந்தேன். அதில் நாலு பேரும் அண்டாக்களும் மலையேறுவதை நினைத்துப் பார்த்தேன். என் பட்டறையின் பெயர் கெடாமல் இருக்கும், அவ்வளவுதான்.

திரும்பிப் போய்த் தனராஜுவிடம் தெரிந்ததை மட்டும் சொன்னேன். “வண்டி மலை ஏறும். அதுல பொய் சொல்ல மாட்டேன். ரப்பர் எப்ப கிழியும்னு என்னால சொல்ல முடியாது. கிழியும்னு மட்டும் சொல்ல முடியும்.”

“அப்ப நான் என்ன செய்யணும்?” என்றார். உண்மையாகவே கேட்டார்.

இந்த இடத்தில் ராகு காலத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருந்தது. அதைச் சொல்லவில்லை. வண்டிக்காரருடைய நம்பிக்கையோடு நீங்கள் ஒருநாளும் வாதாடாதீர்கள். ஜெயித்தாலும் வேலை நடக்காது. அந்த நம்பிக்கை சரியாக என்ன கேட்கிறது என்று மட்டும் விசாரியுங்கள். பல நேரம் அவசரம் நாம் நினைக்கும் இடத்தில் இருக்காது.

இந்திராணி புடவைப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு வேனின் படியில் உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் கேட்டேன்.

“அம்மா, பத்தரைக்குள்ள என்ன நடக்கணும்? கேமரன் ரோட்டுல இருக்கணுமா, இல்ல கிள்ளானைத் தாண்டியிருக்கணுமா?”

அவர் யோசித்தார். “அப்படியெல்லாம் இல்லைங்கண்ணே. நாங்க வீட்ட விட்டு நல்ல நேரத்துலயே கெளம்பிட்டோம். இந்த வண்டி இந்த வாசலைத் தாண்டிரணும். தாண்டிட்டா பயணம் ஆரம்பிச்சாச்சு. அப்பறம் வழியில நிக்கலாம், டீ குடிக்கலாம், ஒண்ணுமில்ல. ஆனா போன வண்டி திரும்பி உள்ள வரக்கூடாது.”

“திரும்பி வந்தா அந்தப் பர்ஸ் கதைதான்” என்றார் பெரிய அக்கா.

பாய் சட்டென்று நிமிர்ந்தார். “அட, பரஸ்தானம்! எங்க எதிர்வீட்டுச் செட்டியாரு, போற நாளு நேரம் சரியில்லன்னா மொத நாளே பெட்டிய நம்ம வீட்டுல கொண்டாந்து வெச்சுருவாரு. பயணம் கெளம்பியாச்சுன்னு கணக்கு. அப்பறம் எப்ப வேணா போவாரு.”

இந்திராணி முதல்முறையாகச் சிரித்தார். “பாய்க்கு எங்களவிட நல்லாத் தெரியுது.”

“இத்தன வருசமா உங்க நேரம் பாத்துப் பாத்துத்தானம்மா வண்டி விட்டுக்கிட்டு இருக்கேன்” என்றார் பாய்.

எனக்கு அப்போது தேவைப்பட்டதெல்லாம் ஓர் இடம். அந்த இடத்தில் வண்டி தன் சக்கரங்களின் மேலேயே நிற்க வேண்டும், ஆனால் அடியில் ஆள் நுழைய வேண்டும். எங்கள் ஹொய்ஸ்ட் வண்டியின் உடலைத் தூக்கும், சக்கரம் தொங்கும். அது உதவாது. பக்கத்துக் கடை டயரும் வீல் அலைன்மெண்ட்டும் பார்க்கும் கடை. அங்கே நாலு சக்கரத்தோடு ஏறி நிற்கும் மேடை இருக்கிறது. எங்கள் வாசலைத் தாண்டினால் இருபது அடி. அலைன்மெண்ட்டும் எப்படியும் பார்க்க வேண்டியதுதான். அதைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருந்தோம்.

“தனராஜு, வண்டி இப்பவே கெளம்பட்டும். வெளிய போய் லெஃப்ட் எடுத்து, பக்கத்துக் கடை மேடையில ஏறட்டும். வேலைய அங்க வெச்சு முடிச்சுத் தர்றேன். திரும்பி உள்ள வராது.”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அக்காவைப் பார்த்தார். பெரிய அக்கா எங்கள் வாசலையும் பக்கத்துக் கடையையும் மாறிமாறிப் பார்த்தார். “அந்தக் கடை வடக்குப் பக்கந்தான இருக்கு? மலையும் வடக்குத்தான். சரி, போகலாம்” என்று சூடத்தைப் பற்ற வைத்தார்.

நான் முன்னால் ஓடினேன். மேடையில் ஏற்கனவே ஒரு கார் நின்றது. கடைக்காரச் சீனரிடம் எனக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அவர் எட்டிப் பார்த்தார். பட்டுப் புடவையில் மூன்று பெண்கள், புகையும் சூடம், போர்வை சுற்றிய குத்துவிளக்கு. “காவின் ஆ?” என்றார், கல்யாணமா என்று. ஆமாம் என்றேன். “போலே, போலே”, முடியும் முடியும் என்று தலையாட்டிவிட்டு, காரைத் தாமே பின்னால் எடுத்து மேடையைக் காலி செய்தார்.

தேங்காய் உடைந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. தனராஜு வண்டியை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து, இருபது அடி பயணம் போய், மேடையில் ஏற்றினார். பெரிய அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார். செல்வம் எல்லாச் சாமான்களையும் ஒரு தள்ளுவண்டியில் போட்டுப் பின்னாலேயே வந்தார். பழுது ஏதாவது பெரிதாக இருந்தால் ஹொய்ஸ்ட்டுக்குத் திரும்ப முடியாது என்பது எனக்கும் அவருக்கும் தெரியும். அவர் ஜாக்கியையும் கூடவே தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அண்டாக்களை இறக்கிவிட்டு இறுக்குவதா, ஏற்றியபடியே இறுக்குவதா? வெறும் வண்டியாக நிறுத்தி இறுக்குவதுதான் வழக்கம். ஆனால் இந்த வண்டி தோட்டத்தில் என்றைக்குமே வெறுமையாக ஓடியதில்லை. சீர் சாமானின் எடை தினமும் சுமக்கும் மருந்து டிரம்களின் எடைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். வண்டி தன் வாழ்நாளில் அதிகம் நிற்கும் நிலை எதுவோ, அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலையாக இருக்க வேண்டும். இறக்க வேண்டாம் என்றேன்.

செல்வம் அடியில் நுழைந்து முதல் நட்டைத் தளர்த்தினார். நங்கென்று ஒரு சத்தம். இரண்டாவதைத் தளர்த்தியதும், யாரும் தொடாமலே, வண்டியின் முன்பக்கம் பெருமூச்சு விட்டதுபோல இறங்கியது. மறுபக்கமும் அப்படியே. நான் கையை நுழைத்துப் பார்த்தேன். நாலு விரல்.

தனராஜு அதைத் தம் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விளக்கிய எதையும்விட அந்த ஒரு விரல் இறக்கம் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. “அப்ப இவ்ளோ நேரம் ரப்பர்தான் தூக்கிப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சா?” என்றார்.

அடியிலிருந்து செல்வத்தின் குரல் வந்தது. “அண்ணா, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. லெஃப்ட் பக்கம் பின்னாடி புஷ்ஷுல கோடு விழுந்துருக்குது. பிழிஞ்ச துணியாட்டம்.” டார்ச்சை அடித்துக் காட்டினார். ஒரே ஓர் இரவு தொங்கிவிட்டு, ஒரு காலை நேரம் தரையில் நின்றதற்கே ரப்பரின் முகத்தில் சாய்வாகச் சுருக்கம் விழுந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். வெடிக்கவில்லை. சுருக்கம் மெல்ல மறைந்துகொண்டிருந்தது. வெடித்திருந்தால் நான் வேறு முடிவு எடுத்திருப்பேன், அந்த முடிவு யாருக்கும் பிடித்திருக்காது.

“ஊர்ல பத்து வருசமா மேலயே வெச்சுத்தான் டைட் பண்றனுங்க. ஒரு வண்டி திரும்பி வந்ததில்லைங்கண்ணா” என்றார் செல்வம்.

“உங்க ஊரு லாரிக்கு நீங்க செஞ்சது சரி.”

“அப்ப கிறுக்கு இந்த வண்டிக்குத்தானுங்களா?”

“ரப்பருக்கு.”

“ரப்பர் மலேசியாவுல வெளையறது. நம்ம பேச்சக் கேக்கலீன்னா என்ன பண்றதுங்க” என்று அடியிலிருந்தே சிரித்தார். பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு போல்ட்டாக, வண்டி தன் எடையில் நிற்கும்போதே இறுக்கினார். முடித்ததை என்னிடம் ஒருமுறை காட்டினார். நான் கேட்காமலே காட்டினார்.

சீனர் அலைன்மெண்ட் பார்த்தார். பெண்கள் அவர் கடையின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, பாய் வாங்கிவரச் சொன்ன தே தாரிக் டீயைக் குடித்தார்கள். பெரிய அக்காவின் கணக்கில் அவர்கள் பயணத்தில் இருந்தார்கள். பாய் தம் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தயாராகப் போனார். போகும்போது என் தோளைத் தட்டி, “திங்கக்கிழமை வேலைய மிச்சம் புடிச்சுட்டே” என்றார்.

கடைசியாக நானும் தனராஜுவும் கண்டெய்னர் சாலையில் ஒரு சுற்றுப் போனோம். ஆளில்லாத இடத்தில், “இப்ப நல்லா மிதிங்க” என்றேன். ஸ்டேரிங்கில் கையை லேசாக வைத்துக்கொண்டு மிதித்தார். சத்தம் இல்லை. வண்டி கோடு போட்டதுபோல் நின்றது. பின்னால் ஒரு தட்டு மட்டும் கலகலத்தது. அவர் கொஞ்ச நேரம் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை.

நண்பர்களே, இந்தத் தொழிலில் உங்களை ஏமாற்றுவது கெட்டுப்போன வண்டி இல்லை, அது சத்தம் போட்டுச் சொல்லிவிடும். காரணம் தெரியாமல் நன்றாகிவிட்ட வண்டிதான் ஏமாற்றும். எதிர்பார்த்ததைவிட ஒரு வேலை அழகாக வந்திருந்தால், எல்லோரும் கைதட்டும்போது, அந்த அழகு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். விடை கிடைக்கும் வரைக்கும் சாவியைக் கையில் வைத்திருங்கள். விடை கிடைத்த பிறகு, முன்னால் நிற்பவரின் அவசரத்தையும் ஒரு பழுதைப்போலவே நிதானமாகப் பிரித்துப் பாருங்கள்.

கல்யாணம் நடந்தது. அடுத்த வாரம் தனராஜு பலகாரப் பெட்டிகளோடு பட்டறைக்கு வந்தார். பாய்க்கு ஒன்று, செல்வத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று, பக்கத்துக் கடைச் சீனருக்கு ஒன்று. மாப்பிள்ளை நல்ல பையன் என்றார், சாப்பாடு போதவில்லை என்றார், குளிரில் பெரிய அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது என்றார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எறங்கும்போது ஒரு வளைவு அண்ணே. திரும்புனா நடு ரோட்டுல காய்கறி லோரி. மூங்கில் சாஞ்சு கெடந்துருக்கு, நிப்பாட்டிட்டான். லைட்டும் போடல. எனக்கு லெஃப்ட்டுல பள்ளம். எந்திரிச்சு நின்னு மிதிச்சேன்னு வெச்சுக்குங்களேன்.”

“என்ன ஆச்சு?”

“நேரா நின்னுச்சு. லோரிக்கும் நமக்கும் நடுவுல ஒரு ஆள் நடக்கலாம், அவ்ளோதான். பக்கத்துல இவ தூங்கிக்கிட்டு இருந்தா. லேசா கண்ணத் தொறந்து, ‘தாப்பா வந்துருச்சா?’ன்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இன்னும் இல்ல, நீ தூங்குன்னேன்.”